முழங்கால் விளைந்த ஊர்

கடை ஷட்டரைத் தூக்கியதும் நான் செய்கிற முதல் வேலை, தராசுக்கு முன்னால் சூடம் ஏற்றி ஊர்ப் பெயர்களைச் சொல்வது. சாமி பெயர்கள் அதற்கு அப்புறம்தான். ஈரோட்டு மஞ்சள், குண்டூர் மிளகாய், போடி ஏலக்காய், சேலத்து ஜவ்வரிசி, உடன்குடிக் கருப்பட்டி என்று கடையில் என்னென்ன இருக்கிறதோ அது வந்த ஊரையெல்லாம் சொல்லி, "தாயே, அந்த ஊருக்கெல்லாம் மழை பெய்யணும், அங்க உள்ளவங்க வயிறு நிறையணும்" என்று முடிப்பேன். தெற்கேயிருந்து வந்து வடசென்னைக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை போட்ட முதல் நாளே தொடங்கிய பழக்கம் இது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கடையில் மொத்தமே பதினோரு மூட்டை. சாமியிடம் பேச வேறு விஷயமும் இல்லை.

இந்த வருஷம் வரைக்கும் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு திருத்தம்தான் நடந்திருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "தூத்துக்குடி உப்புக்கும் சேத்தா மழை கேக்கீய? உப்பளத்துல மழை பெஞ்சா உப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். அவள் உப்பளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அன்றிலிருந்து உப்பைத் தனியாகப் பிரித்து, "உப்புக்கு மட்டும் வெயில் அடிக்கணும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அம்மனுக்குக் குழப்பம் இருக்கக் கூடாது பாருங்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். எனக்குத் தெரிந்த பூகோளம் மூட்டைகள் மேல் எழுதியிருக்கிற பூகோளம். எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாத ஒன்றை வாங்கி வைக்க எனக்கு மனசு வராது. வைத்தாலும் எடுத்து விற்கக் கை வராது. அப்படிப்பட்டவன் உடம்புக்குள்ளேயே, ஊர் தெரியாத ஒரு சரக்கை வைத்துத் தைத்துவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் சிமென்ட் தரையில் நின்றே பொட்டலம் கட்டியதில் என் இடது முழங்கால் தேய்ந்துபோனது. முதலில் படி ஏறும்போது வலித்தது, பிறகு இறங்கும்போது, கடைசியில் சும்மா இருக்கும்போதும். எண்ணெய், பத்து, கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. "உருப் போடுங்க" என்றாள் வீட்டுக்காரி.

எங்கள் பேட்டை அம்மன் கோயில் வாசலில் ஒரு பூக்கார அம்மா உரு விற்பார். உடம்பில் எங்கே கோளாறோ அந்த இடத்தின் உருவத்தை வெள்ளிபோல் மின்னும் மெல்லிய தகட்டில் அச்சடித்து வைத்திருப்பார். கண், கை, கால், வயிறு எல்லாம் கிடைக்கும். வாங்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டு உண்டியலில் போட்டால், அந்த இடத்தை அவள் பார்த்துக்கொள்வாள். நான் போன அன்று கடையில் இருந்ததெல்லாம் வலது கால்.

"இடது காலு தீந்து பூச்சு அண்ணாச்சி. ஊர்ல பாதிப் பேருக்கு அதான் நோவுது" என்றார் பூக்கார அம்மா.

"வலது காலை வச்சு நான் என்ன பண்ண?"

அவர் தகட்டைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்தார். "இப்ப சொல்லு, இது இன்னா காலு?"

பார்த்தேன். இடது கால்தான்.

திருப்பியது திருப்பியபடியே பத்திரமாகக் கொண்டுபோய் உண்டியலில் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவலை பிடித்தது. உள்ளே விழும்போது எந்தப் பக்கமாக விழுந்ததோ? அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று. மூன்றில் ஒன்றாவது இடது காலாக விழுந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சித்திரையில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய மெத்தை முழுக்கத் தேய்ந்துவிட்டது, உலோகத்தில் மூட்டு செய்து வைக்கப் போகிறோம் என்றார். நான் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்காரிதான் மெல்லச் சொன்னாள்: "தகட்டுக் காலா கொண்டுபோய்ப் போட்டீய. அவளும் தகட்டுக் காலாவே குடுக்கா."

ஆபரேஷன் அறையில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போனபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய்விட்டே நேர்ந்துகொண்டேன். "தாயே, வர்ற ஆடி கடைசி வெள்ளிக்கு, கடற்கரையிலருந்து உன் கோயில் வரைக்கும், என் சொந்தக் காலால நடந்து பால்குடம் எடுத்து வர்றேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "ரெண்டு காலும் இனிமே உங்க சொந்தம்தாங்க ஐயா. பேசாம படுங்க" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. மூட்டையில் எழுதியிருப்பதுபோல, உள்ளே வைத்த சரக்கு எது, எங்கே செய்தது என்கிற விவரம். ஊர் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். நர்ஸ் உற்றுப் பார்த்து, "ஜெர்மனி" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலையில் கட்டிலில் சாய்ந்தபடியே பட்டியலைச் சொல்லி, உடன்குடிக்கு அடுத்து ஜெர்மனியைச் சேர்த்தேன். ஜெர்மனிக்கும் மழை பெய்யணும், அங்க உள்ளவங்க வயிறும் நிறையணும். பத்து நாள் கழித்து, ஐரோப்பாவில் எங்கேயோ வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். என் மகள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க" என்றாள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில், கப்பல் சரக்குகளுக்குக் காகிதம் தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எந்தப் பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது, அதற்கு என்ன அத்தாட்சி என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் அவள் வேலை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவளிடம் சொன்னதில்லை.

காலுக்குப் பயிற்சி கொடுக்கக் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வருவாள். பள்ளிக்கூடத்தில் கோணம் அளப்பார்களே, அதுபோல நீளமான கையோடு ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் வைத்திருப்பாள். முழங்காலை மடக்கச் சொல்லி, அதை வைத்து அளந்து எண் சொல்வாள். முதல் வாரம் நாற்பது, பிறகு ஐம்பத்தைந்து, பிறகு எழுபது. எழுபதில் நின்றது நின்றதுதான். ஆனி பாதியாகியும் எழுபது.

காரணம் எனக்குத் தெரியும். எழுபதைத் தாண்டும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அது கேட்டதும் கால் தானாகவே விறைத்துக்கொள்ளும். உடைந்துவிடுமோ, கழன்றுவிடுமோ என்று ஒரு பயம். அந்தப் பெண் எவ்வளவோ சொன்னாள். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்கிற சத்தம், எல்லாருக்கும் வரும், ஒன்றும் ஆகாது என்றாள். ஆனால் எனக்கு அந்தச் சரக்கோடு பழக்கம் இல்லை. ஜெர்மனிச் சரக்கு எதையும் நான் இதுவரை கையாண்டதில்லை. எவ்வளவு பாரம் தாங்கும், ஈரம் பட்டால் என்ன ஆகும், எத்தனை நாள் இருக்கும், ஒன்றும் தெரியாது.

"அங்கிள், உங்க முட்டி நல்லா மடங்குது. நீங்கதான் மடங்க மாட்டேங்கறீங்க" என்றாள் ஒருநாள். அப்புறம் அளவுகோலைப் பைக்குள் வைத்தபடி சொன்னாள்: "பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு வாரத்துல தொண்ணூறு வரணும். வரலன்னா மயக்கம் குடுத்து அவங்களே மடக்கி விடுவாங்க. அப்புறம் பயிற்சியை மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ஆடிக்கு நடந்துருவேனாம்மா?"

"எந்த வருஷத்து ஆடி?"

அவள் போன பிறகு வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பால்குடத்தை என் தம்பி எடுக்கட்டும். அவனும் உங்க வீட்டு ஆளுதானே."

"நேந்தது நானு. சொந்தக் காலால வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"சொந்தக் காலா? அது ஜெர்மனிக்காரன் காலுன்னு நீங்கதானே சொன்னீய."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் அது எனக்குள் போய்த் தைத்தது. அம்மன் கேட்டு வாங்கிய சத்தியம் இல்லை அது. நானாகக் கொடுத்தது. கொடுத்த வார்த்தை என் உடம்புக்குள் எழுபதில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

அடுத்த முறை பயிற்சிப் பெண் வந்தபோது, உள்ளே வைத்திருப்பது என்ன உலோகம் என்று கேட்டேன். "கோபால்ட் குரோம், அங்கிள். கோபால்ட்தான் அதிகம்" என்றாள். சாயங்காலம் மகள் ஆபீசிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏம்மா, கோபால்ட்னு ஒண்ணு ஜெர்மனில விளையுமா?"

"கோபால்டா? அந்தக் காலத்துல கொஞ்சம் இருந்துச்சாம். இப்ப அங்க யாரும் தோண்டுறதில்லப்பா" என்றவள், தோசையை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். படித்துக்கொண்டே போனவள் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, அந்தப் பேரே அங்கேர்ந்துதான் வந்துதாம். வெள்ளி கிடைக்கும்னு தோண்டிட்டு இருந்தவங்களுக்கு வெள்ளி வரல, இந்தக் கல்லு வந்துதாம். உருக்கினா புகையில எல்லாருக்கும் உடம்பு முடியாமப் போச்சாம். மலைக்குள்ள இருக்குற குட்டிச்சாத்தான் வேலைன்னு சொல்லி, அந்தச் சாத்தான் பேரையே கல்லுக்கு வச்சுட்டாங்களாம்."

வீட்டுக்காரி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "சாத்தானா? இவுக முட்டிக்குள்ளயா?" உடனே போய்த் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து என் இடது முழங்காலில் பட்டையாக இழுத்துவிட்டாள். எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளி என்று நம்பித் தோண்டினவர்களுக்கு இது வந்தது. வெள்ளி என்று நம்பித் தகடு போட்ட எனக்கும் இதுதான் வந்திருக்கிறது.

"அப்ப இது இப்ப எங்க விளையுது?"

"காங்கோ. ஆப்பிரிக்காவுக்கு நடுவுல. உலகத்துல எடுக்குற கோபால்ட்ல பாதிக்கு மேல அங்கேர்ந்துதான். செம்பு எடுக்குற இடத்துல கூடவே வருமாம். நம்ம நாட்டுல ஒண்ணும் எடுக்குறதில்ல, எல்லாம் கப்பல்லதான் வரணும்."

"அந்த ஊர் பேர் என்ன?"

"கொல்வேசின்னு போட்டிருக்கு."

"கொல்வேசி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அங்கேர்ந்து நேரா ஜெர்மனி?"

"நேரா எங்க? அந்தப் பக்கம் கடலே கிடையாதுப்பா. பொடியாக்கி மூட்டை கட்டி லாரில ஏத்தி, ரெண்டு மூணு நாடு தாண்டி ஹார்பருக்குக் கொண்டு போகணும். எல்லையில மட்டும் நாள்கணக்குல லாரி வரிசையில நிக்குமாம். தார் எஸ் சலாம்னு ஒரு ஹார்பர், டர்பன்னு ஒண்ணு. அங்கேர்ந்து கப்பல்ல பெரும்பாலும் சீனாவுக்குப் போகும். சுத்தம் பண்றது முக்கால்வாசி அங்கதான். அப்புறம் உலகம் பூரா பிரியும். நிறைய பேட்டரிக்கு." தன் போனைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குள்ளயும் கொஞ்சம் இருக்கும். கொஞ்சம் விமான இன்ஜினுக்கு. அதுல இத்தனூண்டு உங்க முட்டிக்கு."

"அப்ப ஸ்டிக்கர்ல ஜெர்மனின்னு போட்டிருக்கு?"

"அது கடைசியா உருக்கி, இழைச்சு, பாக்கெட் போட்ட ஊருப்பா. எங்க ஆபீஸ்ல வர்ற சர்டிபிகேட்டும் அப்படித்தான் பேசும். நீங்க விருதுநகர்ப் பருப்புன்னு விக்கறீங்களே, விருதுநகர்ல எங்கப்பா பருப்பு விளையுது?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ வியாபாரி, விற்ற ஊரையும் விளைந்த ஊரையும் குழப்பிக்கொண்டு, இரண்டு மாதமாகத் தப்பான விலாசத்துக்கு மழை அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்காரிக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. "போட்டும். தண்ணி யாருக்கு வேண்டாம்" என்றாள்.

என் முட்டியில் இருப்பது காங்கோவுடையதுதானா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது, பல ஊர்க் கோபால்ட் ஒன்றாகக் கலந்துவிடும், ஆனால் காங்கோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றாள் மகள். விலை ரொம்ப இறங்கிவிட்டது என்று அந்த நாட்டு அரசாங்கமே கொஞ்ச காலம் வெளியே அனுப்புவதை நிறுத்தி வைத்ததாம். அது எனக்கு உடனே புரிந்தது. வெங்காயம் விலை இறங்கும்போது மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்போமே, அதுதான். அந்த ஊர்க்காரர்கள் மேல் முதல்முறையாக ஒரு ஒட்டுதல் வந்தது.

பிறகு அவள் ஒரு படம் காட்டினாள். பெரிய இயந்திரங்கள் தோண்டுகிற இடம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிணறுபோல் குறுகலான குழிகள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். மேலே வந்த மூட்டைகளை முதுகில் சுமந்துகொண்டு போகிறார்கள். ஆற்றங்கரையில் பெண்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து நின்று கல்லைக் கழுவுகிறார்கள். நான் அவர்கள் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மழைக்காலத்துல குழி சரிஞ்சுடுமாம்ப்பா. உள்ள ஆள் இருக்கும்போதே" என்றாள் மகள்.

மறுநாள் காலையில், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கடைக்குப் போனேன். வீடும் கடையும் ஒரே தெருவில்தான். வீட்டுக்காரி கல்லாவில் இருந்தாள். வாசலில் எங்கள் வாடிக்கைக்கார டிரெய்லர் டிரைவர் நின்றிருந்தார். ஹார்பருக்குள் போக வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும்போதெல்லாம், கிளீனரை வண்டியில் விட்டுவிட்டு எங்கள் கடைக்கு வந்து பிஸ்கட் வாங்குவார்.

"வா அண்ணாச்சி. புதுக் காலு எப்டி கீது? இரும்பா, எவர்சில்வரா?"

"ரெண்டும் இல்லப்பா, கோபால்ட்."

"அதெல்லாம் நல்ல ஐட்டமா? நேத்து காலைலேர்ந்து க்யூவுல கீறேன். உன் காலு நவுந்துச்சு, என் வண்டி நவுரல."

எனக்கு அவரோடு பேச்சுக் கொடுக்க நேரமில்லை. முதல் நாள் மகள் சொன்ன ஹார்பர் பெயர் காதிலேயே நின்றிருந்தது. தார் எஸ் சலாம். அதை எங்கோ பார்த்திருக்கிறேன். கடைக்குள் எங்கோதான் பார்த்திருக்கிறேன். மூலையில், விருதுநகர் மண்டிச் சரக்கு என்பதால் நான் எழுத்தைச் சரியாகப் படித்தே பார்க்காத துவரம்பருப்பு மூட்டைகள் இருந்தன. ஒன்று படுத்திருந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று நின்றிருந்தது. நின்ற மூட்டையில் அச்சடித்த எழுத்துகள் சுருக்கத்துக்குள் மடிந்து கிடந்தன. எனக்கு ஆங்கிலம் கூட்டிக் கூட்டித்தான் வரும். கிட்டே போய்ச் சுருக்கத்தை நீவி விட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பாதி அழிந்துபோன ஒரு 'தார் எஸ்', அதற்குக் கீழே முழுசாக இன்னொரு பெயர். டான்சானியா.

"இது எங்க இருக்கு?" என்று மூட்டையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"அதுவா, ஆப்பிரிக்கா" என்றார் டிரைவர். "அந்தப் பருப்பு எத்தினி பொட்டி நானே ஹார்பர்லேர்ந்து இட்டாந்துகீறேன். பேப்பர்ல போட்டிருக்கும், தார் எஸ் சலாம்னு. நானு சலாம்னு பேரு வச்ச ஊரு எதுனா கீதான்னு கிளார்க்கைக் கேட்டேன். கீதுய்யா, போய்யான்னுட்டான்."

அதே ஹார்பர். நான் எத்தனையோ வருஷமாகக் கையால் அள்ளி, பொட்டலம் கட்டி, வீட்டில் சாம்பார் வைத்துச் சாப்பிட்ட பருப்பு ஏறின துறைமுகமும், என் முட்டிக்குள் இருக்கிற சரக்கு ஏறியிருக்கக்கூடிய துறைமுகமும் ஒன்று. ஊர் தெரியாத சரக்கு என்று பயந்தேனே, அந்தக் கடற்கரையிலிருந்து வந்ததைத் தின்றுதானே என் பழைய முழங்காலே ஓடியது. மூட்டை வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். பருப்பு குளிர்ச்சியாக இருந்தது.

டிரைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழி, லாரி, எல்லை, கப்பல், சீனா, ஜெர்மனி. மற்றதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இரு இரு. எல்லையில லாரி நிக்குமா? எத்தினி நாளு?"

"நாள்கணக்குலயாம்."

"சோறு, தண்ணி?"

"தெரியலப்பா."

அவர் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கல்லா மேல் வைத்தார். "அப்ப அவன் நம்மாளு அண்ணாச்சி. நீ காலைல ஊர் பேரு சொல்லுவியே, அதுல அவனையும் சேத்துக்கோ. அப்டியே நம்ம எண்ணூர் ரோட்டையும் ஒரு வார்த்தை சொல்லி வையி."

அப்போதுதான் கல்லாவிலிருந்து வீட்டுக்காரி குரல் கேட்டது. சத்தமாக இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "என்னங்க. நீங்க உக்காந்திருக்கீய."

குனிந்து பார்த்தேன். படுத்திருந்த பருப்பு மூட்டை மேல் நான் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷமாக எந்த மூட்டையின் எழுத்தைப் படிக்கவும் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துதான் படிப்பேன். பழக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது உட்கார்ந்தேன், 'டிக்' கேட்டதா இல்லையா, ஒன்றும் நினைவில்லை. இடது கால் வலது காலைப் போலவே ஒழுங்காக மடங்கி, பாதம் தரையில் ஊன்றி இருந்தது.

"இன்னா சோக்கா குந்திகினாரு பாரு" என்றார் டிரைவர்.

தெரிந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பயம் திரும்பி வந்துவிட்டது. டிரைவர் ஒரு கையும் வீட்டுக்காரி ஒரு கையும் பிடித்துத் தூக்க வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். பயிற்சிப் பெண் வருகிற நேரம் அது. அவள் வந்து அளக்கட்டும், அதுவரை இப்படியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம், மூட்டை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

அந்தப் பெண் வந்தாள். பார்த்தாள். பையிலிருந்து அளவுகோலை எடுத்து, கடைத் தரையில் மண்டியிட்டு வைத்து அளந்தாள்.

"தொண்ணூத்தி ரெண்டு."

பிறகுதான் திட்டினாள். இவ்வளவு தாழ்வாக உட்காரக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வழுக்கினால் என்ன ஆவது என்றாள். திட்டிக்கொண்டே அளவை இன்னொரு முறை பார்த்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். இது எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "துவரம்பருப்புன்னு சொன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க அங்கிள்" என்றாள்.

மயக்க ஊசி வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் தினமும் அவள் சொன்ன உயரத்துக்கு நாற்காலி போட்டு, மடக்கி நீட்டி, தெருமுனை வரை, பிறகு மார்க்கெட் வரை நடந்தேன். 'டிக்' நிற்கவில்லை. நான்தான் அதற்கு நின்று பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை மஞ்சள் வேட்டி கட்டி, கடற்கரையில் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். எங்கள் பேட்டைப் பெண்கள் முப்பது நாற்பது பேர், ஆண்கள் ஏழெட்டுப் பேர். முன்னால் பம்பைக்காரர்கள். வீட்டுக்காரி என் இடது பக்கமாகவே வந்தாள், அவள் தம்பி வலது பக்கம். விழுந்தால் பிடிக்க என்று அவர்கள் சொல்லவில்லை, ஆனால் அதற்குத்தான். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தினார். அவை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன. அந்த வரிசையில் எங்கேயோ ஒரு டிரெய்லர் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. தலையில் குடம் இருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று தெரியும்.

கோயில் வாசலில் பூக்கார அம்மா என்னைக் கண்டதும் தகடு ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார். "அண்ணாச்சி, இடது காலு ஸ்டாக் வந்துகீது. வோணுமா?" திருப்பினால் அது வலது கால்; என் வலது முழங்காலும் ஒரு வாரமாக லேசாகப் பேச ஆரம்பித்திருந்தது உண்மைதான். ஆனாலும் வேண்டாம் என்று தலையை அசைக்காமல் கண்ணாலேயே சொல்லிவிட்டேன். அம்மன் நாம் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாலை ஊற்றிவிட்டு, நின்றபடியே கைகூப்பினேன். விழுந்து கும்பிட இந்த முட்டி விடாது. பட்டியலைச் சொன்னேன். ஈரோடு, குண்டூர், போடி, சேலம், உடன்குடி. ஜெர்மனியையும் எடுக்கவில்லை, இழைத்தவர்கள் கையும் கைதானே. சீனாவைச் சொன்னேன். எல்லையில் நிற்கிற லாரிக்காரர்களையும் எண்ணூர் ரோட்டையும் சொன்னேன். டான்சானியாவில் துவரை விளைகிற காட்டுக்கு நல்ல மழை கேட்டேன். அப்புறம் கொல்வேசி வந்தது. அதை எந்த வரிசையில் வைப்பது என்று கடற்கரையிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். உப்பு இருக்கிற வரிசையில் வைத்தேன்.

"குழிக்குள்ள ஆள் இருக்கிற வரைக்கும் அங்க மழை வேண்டாம் தாயே. எல்லாரும் மேல ஏறி வந்து, வீடு போய்ச் சேந்த பிறகு, அவங்க தோட்டத்துக்கு மட்டும் பெய்யட்டும். பக்கத்து நாட்டுல பருப்பு இருக்கு, அதுக்கு மழை வேணும். ரெண்டையும் நீயே பாத்துப் பிரிச்சுக் குடு."

பின்னால் வரிசை நின்றது. பூசாரி, "அண்ணாச்சி, நகருங்க. உங்க லிஸ்ட் முடியுறதுக்குள்ள பால் திரிஞ்சிரும்" என்றார்.

"அவளுக்கு எத்தனை வேலை வைக்கீய" என்றாள் வீட்டுக்காரி. ஆனால் அவளும் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாய் என்று வெளியே வந்து கேட்டேன். கொல்வேசி என்கிற பெயர் வாயில் வரவில்லை, அதனால் ஆற்றில் கல் கழுவுகிற அந்தப் பொம்பளைகள் என்று மட்டும் சொன்னேன் என்றாள்.

கோயிலுக்கு நாலு படி. இரண்டு காலையும் மடக்கித்தான் இறங்கினேன்.